ஊறிப்போன கதவு

ஞானமுத்து அண்ணா, இந்த வருஷமும் மழை வந்துவிட்டது. நம் வீட்டு வாசற்கதவு மறுபடியும் திறக்கமாட்டேன் என்கிறது. இன்று காலையில் நான்தான் தோளை வைத்துத் தள்ளினேன். நீ தள்ளுவாயே, அதே இடத்தில். அந்த இடத்தில் பலகை இன்னும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது, அண்ணா.

எனக்கு அப்போது எட்டு வயது. உனக்குப் பதினாறோ பதினேழோ. ஆம்பூரில் நம் தெரு முழுக்கத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். அப்பா அங்கே தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவுகிறவர். நீ சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவன். உன் கைகள் எப்போதும் வெந்துபோய் வெளுத்திருக்கும். அந்தக் கையால் என் தலையைத் தடவினால் முடி சிக்கிக்கொள்ளும். நான் கத்துவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உபதேசியார் நோவாவின் கதையைச் சொன்னார். மூன்று தட்டு வைத்த பேழை. மேலே ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு கதவு. தண்ணீர் இறங்காமல் இருக்க உள்ளும் புறமும் தார் மாதிரி கீல் பூசியது. உலகத்து மிருகமெல்லாம் ஜோடி ஜோடியாக ஏறியதும் ஆண்டவரே கதவை அடைத்துவிட்டார். பிறகு மழை.

மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிடும்போது நான் ஆரம்பித்தேன்.

"ஏம்பா, அம்மாம் மிருகமும் உள்ள இருந்தா சாணிய யாரு அள்ளுவாங்க?"

"நோவாவுக்கு மூணு மருமகளுங்க இருந்தாங்க இல்ல. அவங்கதான்" என்றார் அப்பா.

"ஆமா, உலகமே முழுகிப் போனாலும் சாணி அள்றது மட்டும் பொம்பளதான்" என்றாள் அம்மா.

"சிங்கத்துக்கு இன்னா போட்டாங்க?"

"அதுக்குத்தான் ஆட்ட மட்டும் ஜாஸ்தியா ஏத்திக்கினாரு."

"ஒரே ஒரு ஜன்னலாம்ப்பா! நம்ம ஷாப்புல நாலு பக்கமும் ஜன்னலு. அப்பக்கூட நாத்தம் போவல."

அப்பா எலும்பை உறிஞ்சிவிட்டு யோசித்தார். "அப்ப நோவா எங்கியோ தோல் ஷாப்புலதான் வேல பாத்திருக்கணும். வேற யாராவது இருந்தா மொத நாளே தண்ணில குதிச்சிருப்பாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தாய்.

"வெளிய இருந்தவங்க கதவத் தட்டியிருப்பாங்களேப்பா."

அப்பா எலும்பைத் தட்டில் வைத்தார். "மழ சத்தத்துல கேட்டிருக்காது."

"கேக்கும். பலகதானே" என்றாய் நீ.

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனாய். அவர் வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, தட்டுனவங்களுக்கு ஏன் தெறக்கல?"

"அவங்க கெட்டவங்க, ஞானமுத்து."

"கைக்கொழந்தைங்க இருந்திருக்குமே ஐயா."

உபதேசியார் தேய்ப்பதை நிறுத்தினார். "ஆண்டவரே அடைச்ச கதவு அது. மனுசன் தெறக்கலாமா? உனக்குச் சந்தேகம் ஜாஸ்தி ஆயிடுச்சு. மொதல்ல நீ வாசப்படியில நிக்காம கோயிலுக்குள்ள வந்து உக்காரு."

திரும்பி வரும்போது நீ ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பார்த்துக்கொண்டே நடந்தாய். எனக்கு அந்தப் பேழையின் நாற்றத்தைப் பற்றித்தான் கவலை. உனக்கு ஏன் போயும் போயும் கதவைப் பற்றிக் கவலை என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் செம்மண் தண்ணீர் போவதைப் பார்க்க ஊரே ஓடியது. நம் வீட்டுக் கதவு ஊறிப் பெருத்துச் சட்டத்தோடு இறுகிக்கொண்டது. நீ உள்ளே இருந்து தோளால் முட்டு முட்டு என்று முட்டினாய். திடீரென்று நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்படி ஒரு சந்தோஷம் உன் முகத்தில்.

"பாப்பா! நாலு நாள் மழைக்கே இந்தக் கதவு தெறக்கல. அது எம்மாம் பெரிய கதவு! ஊறிப்போயிருக்கும். நோவா உள்ளேர்ந்து தள்ளித்தான் பாத்திருப்பாரு. அவரு இன்னா பண்ணுவாரு, தெறக்கல!"

நான் உடனே கேட்டேன். "அதான் கீல் பூசிட்டாங்களே, எப்பிடிண்ணா ஊறும்?"

உன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "ஆமால்ல" என்றாய். அப்புறம் மறுபடியும் கதவை முட்டப் போய்விட்டாய்.

அண்ணனைத் தோற்கடித்துவிட்டேன் என்று அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மழை நின்றது. வெயில் வந்தது. கூடவே தெருவுக்கு வாந்திபேதியும் வந்தது. கடைசி வீட்டில் தாயும் மகளும் ஒன்றாகப் போய்விட்டார்கள். அம்மா அப்போது சின்னம்மாவின் பிரசவத்துக்காக அரக்கோணம் போயிருந்தாள். வயிறு சரியில்லை என்று ஒரு நாள் நீ வேலைக்குப் போகவில்லை. ஆட்டுக்குத் தழை ஒடிக்க என்னை அனுப்பினாய். நான் தழையோடு திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"அண்ணா, தெற."

 உன் குரல் தரைப்பக்கத்திலிருந்து வந்தது.

"பாப்பா, கதவு ஊறிப்போச்சு. தெறக்கல."

"நான் இந்தப் பக்கம் தள்றேன், இரு."

தழையைப் போட்டுவிட்டு உன்னைப் போலவே தோளை வைத்து முட்டினேன். அசையவில்லை.

"வாணாம்டி பாப்பா, தோளு வலிக்கும். நீ ஷாப்புக்குப் போய் அப்பாவ இட்டுக்கினு வா. ஓடு."

"தண்ணி வோணுமாண்ணா?"

"வாணாம். இங்க இருக்குது. நீ போ."

எனக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. "பாத்தியா, நம்ம கதவுக்கும் கீல் பூசியிருந்தா ஊறியிருக்காது."

நீ சிரித்தாய். சிரிப்பு மாதிரிதான் கேட்டது. "ஆமாம்டி பாப்பா. பூசிடலாம்."

அப்பா சதை சீவிய கையோடு ஓடிவந்தார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து நீ சொன்னது ஒன்றுதான். "மொதல்ல பாப்பாவ அத்தை வூட்ல உட்டுட்டு வாப்பா." அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினார். என் கன்னத்தில் அவர் கன்னம் பட்டது. ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

என்னை வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவந்தபோது அம்மா வந்திருந்தாள். வீடெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நீ இல்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. அதன் பின்னால் தாழ்ப்பாள் கட்டை இரண்டாக ஒடிந்து கிடந்தது. ஊறிப்போன கதவை அப்பா எவ்வளவு பலமாகத் தள்ளியிருந்தால் அந்தக் கட்டை ஒடிந்திருக்கும் என்று ஆச்சரியப்பட்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். "எங்கண்ணன் வெளிய வர்றதுக்கு எவ்ளோ தள்ளிச்சு தெரியுமா, கதவு ஊறிப்போச்சு" என்றேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே எழுந்து போனாள்.

தழை ஒடிக்கப் போனபோது காலைச் சுட்ட வெயில் எனக்கு நினைவில் இருந்தது. காய்ந்த கதவு எப்படி ஊறும் என்று கேட்கத் தோன்றவில்லை. போட்டிருந்தால்தானே தாழ்ப்பாள் ஒடியும் என்பதும் தோன்றவில்லை. எதையும் விடாமல் கேட்கிற பிள்ளை நான். அதை மட்டும் கேட்கவில்லை.

அண்ணா, நீ சொன்னதுதான் சரி. கதவின் விளிம்புக்குக் கீல் பூச முடியாது. பூசினால் சட்டத்தில் உட்காராது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும். ஊறித்தான் போயிருக்கும். நோவா தள்ளித்தான் பார்த்திருப்பார்.

இதை வாசிக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் அண்ணன் ஞானமுத்துவுக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்கள். செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் இல்லை, அந்தக் கதவு அடைத்தது அடைத்ததுதான் என்று உபதேசியார் சொல்கிறார். இருக்கட்டும். நீங்கள் தட்டுங்கள். பலகைதானே, கேட்கும்.