பிச்சம்மாளுக்கு வளர்ந்த பல்

எண்ணெயிலிருந்து எடுத்த முதல் முறுக்கை மூன்று தரம் உதறி, ஊதி, கீழ்வரிசை முன்பல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே கடி. சத்தம் காதுக்குப் பின்னால் போய் முட்டினால் அந்த ஈடு தேறிவிட்டது. தாடையோடு நின்றுவிட்டால் மாவில் ஈரம் மிச்சம். தாராவியில் பிச்சம்மாளிடம் முறுக்கைச் சக்லி என்று கேட்டு வாங்கும் ஆறு கடைக்காரர்களும் இந்த ஒரு கடியை நம்பித்தான் கண்ணாடிப் பாட்டிலை நிரப்புகிறார்கள்.

வயது ஐம்பத்து மூன்று. அடுப்பைப் பற்றவைக்கும் முன் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. தகர டப்பாவில் மிஷ்ரி இருக்கும். புகையிலையைக் கரியாக வறுத்துப் பொடித்த தூள். ஆள்காட்டி விரலில் தொட்டுக் கீழ் ஈறில் கால்மணி நேரம் தேய்ப்பாள். இருபது வருடத்துக்கு முன் பல்வலி வந்தபோது பக்கத்து அறை மராட்டிக்காரி சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது. வலி இரண்டு நாளில் போயிற்று. வைத்தியம் போகவில்லை.

போன வருடம் கீழ்ப்பற்கள் இரண்டு நீளமாகத் தெரிய ஆரம்பித்தன. மாவு பிழியும் சுலைகாவிடம் உதட்டை இழுத்துக் காட்டினாள்.

"பாத்தியாட்டி? இந்த வயசுல எனக்குப் பல்லு வளருது."

"வளரட்டும்க்கா. தேங்கா துருவ ஆவும்."

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று கூசியது. "புதுசா வளருதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று அதற்கும் பதில் வைத்திருந்தாள். எவர்சில்வர் மூடியில் தினமும் பல்லைப் பார்த்தாள். வளர்கிற பிள்ளைக்குச் சோறு கூட்டிப் போடுவதுபோல, மிஷ்ரியை ஒரு சிட்டிகை கூட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் ஈட்டைக் கடித்தபோது முறுக்கு உடையவில்லை. பல் ஆடியது. சுலைகா மாவுக் கையைக் கழுவிவிட்டு, அவளை மாட்டுங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பல் டாக்டர் சாதனா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் பிடித்துக் காட்டினாள். "பல்லு வளரலைம்மா. அது இருந்த இடத்துலதான் இருக்கு. ஈறு கீழ இறங்கிடுத்து. வேர் வெளில வந்ததாலதான் கூசறது."

"மேல ஏறுமா டாக்டரம்மா?"

"தானா ஏறாது. அண்ணத்துலேர்ந்து சதை எடுத்து ஒட்டறதுண்டு, அது அப்புறம். இப்ப காரையெல்லாம் சுரண்டி சுத்தம் பண்ணி, ஆடற ரெண்டையும் பக்கத்துப் பல்லோட சேத்துக் கம்பி போடறேன். மெத்துன்னு ஒரு ப்ரஷ், மெதுவா தேய்க்கணும். மிஷ்ரி ஏக்தம் பந்த், இனிமே தொடவே கூடாது. இருக்கற ஈறையாவது காப்பாத்தலாம்."

"முறுக்கு கடிக்கலாம்லா?"

"முன்பல்லாலயா? கையோட வந்துடும்."

பிறகு சுரண்டும்போதுகூட முனகாத பிச்சம்மாளுக்கு, இதைக் கேட்டதும் முகம் வெளுத்தது. கடிக்காமல் ஈட்டை எப்படி அறிவது?

டப்பா அன்றே பரணுக்குப் போயிற்று. ஏற்றி வைத்தவள் சுலைகா. பிச்சம்மாளைவிட ஒரு முழம் உயரம். நாலு நாள் பிச்சம்மாள் அடுப்பைத் திட்டினாள், முனிசிபாலிட்டிக் குழாயைத் திட்டினாள், சும்மா போன பூனையையும் விடவில்லை.

"ஏட்டி, அத எடுத்துத் தா."

"எட்டலக்கா."

"வச்சவளுக்கு எடுக்க எட்டாதோ?"

"வைக்கையில எட்டிச்சு."

மிஷ்ரிகூடப் பரவாயில்லை, முறுக்குதான் பாடாய்ப் படுத்தியது. கையால் ஒடித்துக் காதருகே வைத்துப் பார்த்தாள். "கை சத்தம் பொய் சொல்லுது" என்றாள். கடைவாய்ப் பல்லில் எல்லா முறுக்கும் ஒரே மாதிரி நொறுங்கியது. அந்த வாரம் இரண்டு ஈடு நமுத்துப்போய்க் கடையிலிருந்து திரும்பி வந்தது. இருபது வருடத்தில் முதல் தடவை. கம்பி போட்ட பற்களை நாக்கால் தடவிக்கொண்டு, திரும்பி வந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை முதல் முறுக்கை எடுத்தாள். மூன்று தரம் உதறினாள், ஊதினாள். வாய்வரை போன கை நின்றது. எழுந்து, மாவு பிழிந்துகொண்டிருந்த சுலைகாவின் வாயில் அதை வைத்தாள்.

"முன்பல்லால கடி. மெல்லாத."

சொல்லிவிட்டு, தன் காதை சுலைகாவின் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடினாள்.