திருமலைச்சாமி இளைத்த கதை

எங்கள் அண்ணன் திருமலைச்சாமியைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது "பாவம், சீக்காளி" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொன்னவர் யாராக இருந்தாலும் நிற்கவைத்துக் கேட்டுவிட்டுத்தான் விடுவேன். அவனுக்கு ஒரு சீக்கும் இருந்ததில்லை. உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, அவ்வளவுதான். அதையும் குறையென்று நினைத்தவன் அவன் ஒருத்தன்தான்.

பழனி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. மெஷினெல்லாம் வராத காலம். மலைவாழைப்பழத்தை உரித்து அண்டாவில் போட்டு, நாட்டுச் சர்க்கரையும் நெய்யும் தேனும் சேர்த்துக் கையாலேயே பிசைய வேண்டும். பிசைகிறவன் அண்ணன். "திருமலை பிசைஞ்சதா, அப்பக் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அண்டாவை வழிக்கிற வேலையும் அவனுடையதே. வழித்தது எங்கே போகும்? அவன் வயிற்றுக்குத்தான். தொந்தியும் சிரிப்புமாக அவன் கல்லாவில் உட்கார்ந்தால் கடையே நிறைந்திருக்கும்.

ஐம்பத்தாறாம் வருஷம் வைகாசியில் ஆயக்குடி நல்லுசாமி மாமாவின் மூத்த மகள் லீலாவை அவனுக்கு நிச்சயம் செய்தோம். கொய்யாத்தோப்பும் கிணறும் உள்ள குடும்பம். அண்ணனுக்கு அவள்மேல் முன்பே ஒரு கண். கிருத்திகைக்கு அவள் மலைக்கு வரும்போதெல்லாம் இலையில் ஒரு கை கூடுதலாக வைத்துத்தான் மடித்துக் கொடுப்பான். தையில் கல்யாணம் என்று பேசி முடித்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு.

மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்தால் பெண் வீட்டுப் பெண்கள் கேலி செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கும் லீலாவின் அத்தை மகள் ஒருத்தி, "மாப்பிள்ளைக்கு டோலி பேசி வச்சிருங்கத்தே, நாளைக்கு மலையேறணும்னா எங்க லீலாவா தூக்கிட்டுப் போவா" என்றாள். பந்தியே சிரித்தது. கதவோரம் நின்ற லீலாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை அண்ணன் பார்த்துவிட்டான். அதற்கப்புறம் அவன் பாயசத்தைத் தொடவில்லை.

"அவளும் சிரிச்சா தமயந்தி" என்றான், மாட்டுவண்டியில் திரும்பும்போது.

"கேலிக்குச் சிரிக்காம ஒப்பாரியா வைப்பாங்க? சும்மா வாண்ணே" என்றேன். அவன் காதில் விழுந்தால்தானே.

அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் இப்ராம்சா. பட்டாளத்துக்குப் போய் அங்கே குத்துச்சண்டை போட்டவர். திரும்பி வந்து கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர், கம்பளிக் கடை வைத்திருந்தார். அந்த மாதம் சரக்கு எடுக்கக் கீழே வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். ஒட்டிய வயிறும் இறுகிய தோளுமாக இருந்தவரை அண்ணன் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தையில கல்யாணம்டா. அதுக்குள்ள எனக்கு ஒன் ஒடம்பு வேணும்."

"ஒடம்பென்ன ஸ்வெட்டரா மாப்ளே, கழட்டிக் குடுக்க? மலைக்கு வா. அழுதாலும் விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார் இப்ராம்சா.

அப்பாவிடம் சீசன் வியாபாரம் பழகப் போவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் கொடைக்கானல் போக வத்தலக்குண்டு பஸ் ஏறினான். உண்மை எனக்கு மட்டும் தெரியும். "பந்தல்ல என்னயப் பாத்து ஆயக்குடியே வாயப் பொளக்கணும். அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விட்றாத" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

மேலே அவன் பட்ட பாட்டை இப்ராம்சா பின்னால் என்னிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளனே எழுந்து பனியில் ஏரியைச் சுற்றி ஓடவேண்டும். அதுவும் வேர்வை இறங்குவதற்காக ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஓடவேண்டும். முதல் தடவை பாதி ஏரியிலேயே உட்கார்ந்து, "என்னால ஏலாதுடா, ஊருக்கு அனுப்பிரு" என்று அழுதானாம். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கடைக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரத்தில் ஒரு கிழங்குச் சாக்கு தொங்கும். உள்ளே மணலும் மரத்தூளும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தோள் கழலும்வரை அதைக் குத்தவேண்டும். அப்புறம் கயிறு தாண்டுவது, தண்டால். சோறு ஒரு வேளைதான். இனிப்பு கண்ணிலேயே காட்டக்கூடாது. காலையில் பச்சை முட்டையை உடைத்துப் பாலில் விட்டுக் குடிக்கவேண்டும். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாதவன், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

"பட்டாளத்துலகூட இப்பிடி ஒருத்தன நான் பாக்கலம்மா. குத்துக்குக் குத்து அந்தப் புள்ள பேரச் சொல்லுவான்" என்றார் இப்ராம்சா.

ஆடிச் சாரலில் அவனுக்குச் சளி பிடித்தது. அதற்காக ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஆயக்குடியிலிருந்து கொய்யா ஏற்றிவந்த ஒரு வியாபாரி அந்த வாரம்தான் கொடைக்கானல் பஜாருக்குப் போய்ச் சேர்ந்தானே, அவனைச் சொல்லவேண்டும். விடிகாலையில் கம்பளிக்குள் சுருண்டு, மூச்சிரைக்க, இருமித் துப்பிக்கொண்டே வந்து, கடை வாசலில் முட்டையும் பாலும் வாங்கிக் குடிக்கிற ஒருத்தனை அவன் பார்த்தான். யாரென்று உற்றுப் பார்த்தால் நல்லுசாமி வீட்டு மாப்பிள்ளை. ஊருக்குத் திரும்பியதும் அதைத்தான் எல்லாரிடமும் சொன்னான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருவன் திடீரென்று இளைத்தால் அதற்கு ஒரே பெயர்தான், சயரோகம் என்கிற காசநோய். வசதி உள்ளவர்கள் அந்த நோய்க்குக் காற்று மாற்றிக்கொள்ள மலைக்குப் போவார்கள். முட்டையும் பாலும் குடிப்பார்கள். கேட்டால் வியாபார விஷயமாகப் போயிருக்கிறான் என்று வீட்டார் சொல்லுவார்கள். நாங்களும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கார்த்திகையில் அண்ணன் வந்து இறங்கினான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தொந்தி போன இடம் தெரியவில்லை. கழுத்தும் தோளும் செதுக்கின மாதிரி, நடையே வேறாக இருந்தது. என் அண்ணன் இவ்வளவு அழகனா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். கல்லாவிலிருந்து எழுந்து வந்த அப்பா அவன் கன்னத்தைத் தடவினார். "ஏலே, என்னடா ஆச்சு ஒனக்கு, எங்கிட்டக்கூட மறைச்சிட்டியே" என்று நடுக் கடையில் அழுதார்.

அன்று மாலையே பக்கத்துக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். யாரும் அவன் பக்கத்தில் உட்காரவில்லை.

நான் சத்தியத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். யார் நம்பினார்கள்? "கல்யாணத்துக்கு நிக்கிறவன் ஒடம்ப ஏத்துவானா, பட்டினி கெடந்து எறக்குவானா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு புள்ள" என்று என்னையே திட்டினார்கள். இப்ராம்சா மலையிலிருந்து இறங்கி வந்து சாட்சி சொன்னார். சிநேகிதன் வேறெப்படிச் சொல்லுவான் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

அப்பா அண்ணனை மதுரைக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "இந்த நெஞ்சுக்கா படம் எடுத்தீங்க, நூறு வயசு கெடக்கும்" என்று சிரித்தாராம். அந்தப் படத்தைத் துணியில் சுற்றி ஆயக்குடிக்குக் கொண்டுபோனோம். நல்லுசாமி மாமா அதைக் கையில் வாங்கவே இல்லை. "ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்குங்க படம்?" என்றார்.

அண்ணன் எழுந்து நின்றான். "மாமா, நெஞ்சு கெட்டவன் மலைப்படி ஏறமாட்டான். நீங்க அடிவாரத்துல நின்னு பாருங்க. நிக்காம ஓடி ஏறிட்டு நிக்காம எறங்கி வாரேன். எங்கயாச்சும் மூச்சு வாங்கி நின்னேன்னா நானே வேணாம்னு சொல்லிர்றேன்."

மாமா வந்தார். ஊரும் வந்தது. காலைப் பூசை முடிந்த நேரத்தில் அண்ணன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஓடினான். இளவட்டங்கள் கூட ஓடி ஓடிப் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். இவன் உச்சி தொட்டு, கும்பிட்டுவிட்டு, அதே வேகத்தில் இறங்கி வந்து மாமாவுக்கு முன்னால் நின்றான். வேர்வை மட்டும் வழிந்தது. ஒரு இருமல் இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. முடிந்தது, இனி என்ன பேசமுடியும் இவர்களால் என்று நினைத்தேன்.

மாமா ஓரடி முன்னால் வந்து நின்றார். "எந்தம்பி செத்தது இந்த நோயிலதான் மாப்பிள்ளே. சாகுறதுக்கு ஆறு மாசம் முந்திவரைக்கும் அவனும் கபடி ஆடினான். எனக்கு இன்னும் ரெண்டு பொட்டப் புள்ளைக கெடக்கு. என்னய மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

லீலாவை நான் தைப்பூசக் கூட்டத்தில் பிடித்தேன். "நீ சிரிச்சதால வந்த வினைதான்டி இது" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

அவள் விக்கி விக்கி அழுதாள். "சந்தோசத்துல சிரிச்சேன் தமயந்தி. அவுகளத் தூக்கிட்டு மலையேறுற மாதிரி நெனச்சுப் பாத்தேன், வெக்கமா வந்துச்சு, சிரிச்சேன். அவுக ஒடம்ப நான் என்னைக்கு வேணாம்னேன்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள். நான் அதை அண்ணனிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே செத்திருப்பான். பங்குனியில் அவளைத் தாராபுரத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

பஞ்சாமிர்தம் கையால் பிசைகிறது என்று சொன்னேனே. எங்கள் அண்டாவில் யார் கை இருக்கிறதென்று ஊருக்கெல்லாம் தெரியும். கேட்டு வாங்கினவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். அண்ணன் கல்லாவுக்கு மாறினான், அப்புறம் கொல்லைக்கு மாறினான். ஒரு நாள் காலையில் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "நான் மலைக்கே போறேன்ப்பா, கடையாச்சும் நடக்கட்டும்" என்றான். அப்பா போகாதே என்று சொல்லவில்லை. பார், நோய் முற்றித் திரும்பவும் போய்விட்டான் என்று ஊர் முடித்துக்கொண்டது.

கொடைக்கானலுக்கும் மேலே பூண்டியில் கொஞ்சம் நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு எடுத்துப் பூண்டு போட்டான். என் கல்யாணத்தில் அக்கினி முன்னால் என் கையில் பொரி போடவேண்டியவன் அவன். வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்கும் முன்பே, தான் வந்தால் என் கல்யாணம் நின்றுவிடும் என்று அவனே ஒதுங்கிக்கொண்டான். என் மகனுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே. அப்போதும் கடுக்கனை மட்டும் இப்ராம்சாவிடம் கொடுத்தனுப்பினான். என் பிள்ளையை என் மாமனார் மடியில் வைத்துக் குத்தினார்கள்.

அறுபத்துநாலில் எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் யாரையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொடைக்கானலிலிருந்து இப்ராம்சா ஒரு காய்கறி லாரியில் ஏற்றிவிட்டார். பூண்டியில் போய் இறங்கியபோது அண்ணன் பூண்டு மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மேட்டில் வந்துகொண்டிருந்தான். எட்டு வருஷமாகியும் அந்த உடம்பு ஒரு பிடிகூடத் தளரவில்லை. என்னைக் கண்டதும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

என் மகனை நீட்டினேன். "மாமன்ட்டப் போடா" என்றேன். பிள்ளையும் கையை விரித்துக்கொண்டு தாவினான்.

அண்ணன் சட்டென்று பின்னால் நகர்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டான். பிள்ளை கையை நீட்டியபடியே அவனைப் பார்த்தது.

"என்னண்ணே இது. ஒனக்கு ஒண்ணுமில்லன்னு ஒனக்குமா தெரியாது? படம் எடுத்தோம், மலையேறிக் காட்டுன. இப்பக்கூட அம்மாஞ் சொமைய தூக்கிட்டு வார."

"தெரியும் தமயந்தி" என்றான் துண்டுக்குள்ளிருந்து. அவன் கண் பிள்ளையின் மேலேயே இருந்தது. "இருந்தாலும் இத்தன பேரு சொல்றாங்கள்ல. அவங்கள்ல ஒருத்தன் சொல்றது நெசமா இருந்துட்டா? புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா? வேணாம். நீ அங்கயே நின்னு அவனக் கொஞ்சம் தூக்கிப் புடி, நான் இங்கேர்ந்து பாத்துக்கிறேன்."

நான் தூக்கிப் பிடித்தேன்.