மூன்று கிலோவுக்குப் பாவமன்னிப்பு

பிளாஸ்டிக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பி, அதன் பரிசோதனை முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு, குருவானவரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன ஒரே கத்தோலிக்கன் கோவையில் நானாகத்தான் இருப்பேன். பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் குருவானவர்தான் காப்பாற்ற வேண்டும். பாவிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் சொல்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் குளியலறையில் பலமாகத் தும்மினேன். தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று எட்டிப் பார்த்தது. அமுக்கினால் உள்ளே போயிற்று. இருமினால் திரும்பி வந்தது. சிரித்தால் வலித்தது. நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். "உங்க கட்டுரையவே எடுத்துப் படிங்க, அந்த ஆபத்து வராது" என்றாள் மனைவி.

பீளமேட்டில் ஓர் அறுவை மருத்துவர் தொட்டுப் பார்த்துக் குடலிறக்கம் என்றார். பிறகு என்னை எடைமேடையில் ஏற்றினார். நூற்றியொன்று. சுவரில் மாட்டியிருந்த உயர எடை அட்டவணைப்படி நான் இருக்க வேண்டியது எழுபத்தாறு.

"ஆபரேஷன் பண்ணிரலாங்க சார். ஆனா இப்ப இல்லீங்க. எட்டுக் கிலோவாவது எறக்கிட்டு வாங்க."

"இப்பவே பண்ணுனா என்னங்க?"

"வலை வெச்சுத் தைக்கோணுங்க. இத்தன கொழுப்போட தெச்சா நிக்காது, மறுபடி பிச்சுக்கும். நாலு மாசம் டைம் எடுத்துக்குங்க. நடுவுல அது வெளிய வந்து உள்ள போக மாட்டேன்னு சிக்கிக்கிச்சுன்னா மட்டும் ஒடனே ஓடி வந்துருங்க. அது வேற மாதிரி ஆபரேஷன்."

அந்த 'வேற மாதிரி'யை அவர் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

எட்டுக் கிலோ குறைக்கச் சொன்னால் மற்றவர்கள் நடக்கப் போவார்கள். நான் படிக்கப் போனேன். ஒரு வாரத்தில் எனக்கு வேண்டியது ஒரு மருத்துவக் கட்டுரையில் கிடைத்துவிட்டது. சாதாரண ஜனங்களிடம் பரவலாகக் காணப்படும் சில மரபணு மாறுபாடுகள் உடல் பருமனுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றனவாம். அவற்றில் பேர்போன ஒன்றை அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இரண்டு பிரதியாகப் பெற்றவர்களுக்குப் பசி கொஞ்சம் அதிகம். வயிறு நிறைந்த சேதி தாமதமாக உறைக்கும். எனக்கு அந்தச் சேதி பல சமயம் மறுநாள் காலையில்தான் வந்து சேரும். அதே கட்டுரையின் அடுத்த பக்கத்தில் இந்த மாறுபாடுகள் ஒவ்வொன்றின் பங்கும் எவ்வளவு என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் நான் பரிசோதனைக் குழாய்க்கு ஆர்டர் போடப் போய்விட்டேன்.

குழாய் வந்தது. துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது என்று போட்டிருந்தது. விழித்திருக்கும் நேரத்தில் அப்படி ஓர் அரை மணியை எங்கள் வீட்டில் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. உட்கார்ந்தால் வாய் வறண்டு கிடக்கிறது. கால் குழாய்கூட நிரம்பவில்லை. மனைவி வந்து பார்த்தாள்.

"ஏனுங்க, காளான் கடையக் கண்டா கார் சன்னல்லயே எச்சி ஊத்துவீங்க. இன்னைக்கு என்னாச்சு?"

அவள் அடுப்படிக்குப் போய் அரிசி பருப்புச் சாதத்துக்குத் தாளித்தாள். சின்ன வெங்காயமும் பூண்டும் நெய்யில் விழுந்த சத்தத்திலேயே குழாய் கோட்டைத் தாண்டி வழிந்தது.

பிப்ரவரியில் முடிவு வந்தது. அந்த மாறுபாடு எனக்கு இரண்டு பிரதி இருந்தது. அது போகச் சில்லறையாக இன்னும் சில. மொத்தத்தில் 'சராசரியைவிடச் சற்று அதிக வாய்ப்பு' என்றிருந்தது. அதில் 'அதிக' என்ற சொல்லை மட்டும் மஞ்சள் மையில் கோடிட்டு, கலரில் பிரிண்ட் எடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

"இதுல உங்க தப்பு ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்குதுங்களா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப ஆபரேஷனையும் அந்த மரபணுவுக்கே பண்ணச் சொல்லுங்க." பிறகு காலண்டரைப் பார்த்தாள். "வர்ற புதன் சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். நாப்பது நாளு ஒருசந்தி இருங்க. ஒரு வேளைச் சாப்பாடு. சாமிக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு."

சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

யோசித்துப் பார்த்தால் என் பக்கம் நியாயம் இருந்தது. தலையான பாவங்கள் ஏழும் எனக்கு எட்டு வயதில் மனப்பாடம். ஆங்காரம், கோபம், மோகம், லோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். காய்மகாரம் என்றால் பொறாமை என்று விளங்க வெகுகாலம் ஆயிற்று. போசனப்பிரியத்துக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து அதே பாவத்தை அதே வார்த்தையில் சொல்லி வருகிறேன். கேட்ட சாமியார்களில் சிலர் காலமே ஆகிவிட்டார்கள். பிறவியிலேயே வந்த ஒன்றுக்கு ஒருவன் அபராதமாக எத்தனை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்வது? பங்குச் சாமி ஒரு வார்த்தை 'இது பாவமில்லை' என்றால் ஒருசந்தியிலிருந்து தப்பிக்கலாம். டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பங்குக் கோயிலில் எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். முழங்காலிட்டு, போசனப்பிரியம் என்று ஆரம்பித்து, அது பாவமா என்பதே சந்தேகம் என்று முடித்து, காகிதத்தைக் கம்பித் தடுப்புக்குக் கீழே நுழைத்தேன்.

சாமியாருக்கு நாற்பது வயது இருக்கும். எலும்பும் தோலுமான ஆள். குருமடத்துக்குப் போகும் முன் விலங்கியல் படித்தவர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு பங்குக்குப் போயிருப்பேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"ரெண்டு காப்பி இருக்குதுங்களே."

"ஆமாங்க சாமி."

"இது ஒண்ணும் அபூர்வம் இல்லீங்க. ஒரு காப்பியாவது நம்ம கோயில்ல எத்தனையோ பேருக்கு இருக்கும். எனக்கே இருந்தாலும் இருக்கும். உங்க எடை எத்தன அதிகம்?"

"இருபத்தஞ்சுங்க."

"ரெண்டு காப்பி இருக்கறவங்க சராசரியா ரெண்டு மூணு கிலோ கூட இருப்பாங்கன்னு சொல்றாங்க. மூணே வெச்சுக்குங்க. அந்த மூணு கிலோவுக்கு நீங்க பொறுப்பில்லீங்க. அதப் பாவத்துல சேர்க்க வேண்டாம்." காகிதம் தடுப்புக்குக் கீழே திரும்பி வந்தது. "மீதி இருபத்திரண்டு யாருதுங்க?"

"மத்த மரபணுவும் இருக்குதுங்களே சாமி. சில்லறையா."

"செரி, அதுக்கொரு மூணு தள்ளுனாலும் பத்தொம்பது நிக்குதுங்க."

இறைச்சிக் கடைக்காரர்கூட எனக்கு இவ்வளவு துல்லியமாக நிறுத்துக் கொடுத்ததில்லை. வேறு வழியில்லாமல் குடலிறக்கத்தைச் சொன்னேன். எட்டுக் கிலோவைச் சொன்னேன். 'வேற மாதிரி ஆபரேஷன்' என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்று, அதுவரை யாரிடமும் சொல்லாததையும் சொன்னேன். அவர் குரல் மாறியது.

"இதைய மொதல்ல சொல்லியிருக்கலாமுங்களே. ஒருசந்தியெல்லாம் வேண்டாம், மத்தியானம் சேர்த்து வெச்சுத் தின்னுபோடுவீங்க. அபராதம் இதுதான்: ஈஸ்டர் வரைக்கும் தினமும் காலைப் பூசைக்கு நடந்து வாங்க. வண்டி ஆகாது. நடந்தா அந்த மரபணுவோட வேகமும் கொஞ்சம் மட்டுப்படும்னு சொல்றாங்க. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பேக்கரில மட்டும் நிக்காதீங்க."

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தேன். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். இருபது நிமிடத்துக்கு நீளும் பாவம் என்னிடம் இருக்கும் என்று அதுவரை யாரும் மதித்ததில்லை.

டாக்டர் தாராளமாக நடக்கச் சொன்னார். வீட்டிலிருந்து கோயிலுக்கு இரண்டரைக் கிலோமீட்டர். வழியில் ஆறு பேக்கரி. விடியும் முன்பே ஆறும் திறந்துவிடும். முதல் வாரம் ஒவ்வொன்றின் முன்பும் எதிர்ப் பக்கத்துக்குச் சாலையைக் கடந்தேன். எதிர்ப் பக்கத்தில் அடுத்தது இருந்தது. ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட வேண்டும் என்பது மனைவியின் சட்டம். எழுந்து இருபது நிமிடம் மொட்டைமாடியில் நின்றால் 'போதும்' என்கிற சேதி மெதுவாக வந்து சேர்வதைக் கண்டுபிடித்தேன். ஐம்பத்து மூன்று வயதில் அதை முதன்முதலாகச் சந்தித்தேன்.

நான்காவது வாரம் ஒரு நாள், மூன்றாவது பேக்கரிக்குப் பக்கத்தில் இருமல் வந்தது. எலுமிச்சம்பழம் வெளியே வந்தது. அமுக்கினேன், போகவில்லை. கல் மாதிரி நின்றது. வேர்த்துவிட்டது. பேக்கரி பெஞ்சில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டேன். வேற மாதிரி ஆபரேஷன், வேற மாதிரி ஆபரேஷன் என்பதே அன்றைய என் ஜெபம். பேக்கரிக்காரர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, மயக்கமுங்களா? வெறும் வயிறா இருக்கும். முட்டை பஃப்ஸ் இப்பத்தான் எடுத்தமுங்க. ஒண்ணு சாப்புடுங்க, காசு வேண்டாம்."

"வேண்டாங்க."

"தேங்கா பன்னு?"

"அதும் வேண்டாங்க."

அந்த இரண்டாவது 'வேண்டாங்க'வின்போதோ அதற்குச் சற்றுப் பின்னாலோ, பழம் தானாக உள்ளே போயிற்று. எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார்.

ஈஸ்டர் முடிந்து எடைமேடையில் ஏறினேன். தொண்ணூற்றிரண்டரை. மருத்துவர் மறுபடி ஏறச் சொன்னார். அவருக்கும் நம்பிக்கை வரவில்லை. மறுவாரமே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். வலை நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்கள்.

ஆபரேஷன் முடித்து அறைக்குக் கொண்டுவந்தபோது எனக்கு மயக்கம் பாதி தெளிந்திருந்தது. தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற மூன்று பேர் விரிப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. நான்காவது ஆளைக் கூப்பிட்டார்கள். கட்டிலில் இறக்கியதும் மனைவி அவர்களிடம் பெருமையாகச் சொன்னாள், எனக்காக அவள் பெருமைப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை: "எட்டரைக் கிலோ கொறைச்சுப்போட்டுத்தானுங்க வந்திருக்காரு."

விரிப்பின் மூலையைப் பிடித்திருந்தவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை மரியாதையாகப் பார்த்தார்.

"எங்கிருந்துங்க கொறைச்சாரு?" என்றார்.