களிமண்ணை நிறம் பிரித்த நாள்

பிள்ளைகளா, நம் ஆவுடையார்கோவில் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் பாறை வராது. களிமண் வரும். அதற்குக் கீழே வேறொரு களிமண் வரும். இது எனக்கு ஏழு வயதில் தெரிந்தது, எங்கள் கொல்லையில் தண்ணீருக்குப் போர் போட்டபோது. அதுவரை அம்மா தினமும் ஒரு மைல் நடந்து ஊருணியிலிருந்து பருப்பு வேகும் நல்லதண்ணீர் சுமந்தாள். அந்த நடையை நிறுத்தத்தான் அப்பா போர் போட்டார்.

ஒவ்வொரு குழாய் இறங்கியதும் மேஸ்திரி, மேலே வந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சாக்கில் வரிசையாக வைப்பார். கறுப்பு, மஞ்சள், சிப்பித்தூள் கலந்த நீலம், நடுவே மணல், பிஸ்கட் போல ஏடு ஏடாக உடையும் களிக்கல், மறுபடி மணல். காலையிலிருந்து நான் அங்கேயேதான் கிடந்தேன். கிள்ளிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். காலுக்கடியில் இத்தனை நிறம் இருப்பதை யாருமே எனக்குச் சொன்னதில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். வரிசை ஒழுங்காக இல்லை என்று எனக்குப் பட்டது. கறுப்பைக் கறுப்போடு, மணலை மணலோடு சேர்த்து அழகாக அடுக்கிவைத்தேன்.

திரும்பி வந்த மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார்.

“போச்சு! உப்புத்தண்ணி மணலும் இருக்கு, நல்லதண்ணி மணலும் இருக்கு. களிக்கல்லுக்கு அடுத்தாப்புல உள்ள மணல்தாங்க நல்லது. தண்ணி உள்ள எறங்குற பில்டர் குழாயை அங்கதான் நிப்பாட்டணும். களிக்கல் ஒம்பதாவது குழாயில வந்துச்சா, பதினொன்னாவதுலயா? எல்லாத்தையும் கலைச்சுப்புட்டானே!”

அப்பா என்னை அடிக்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தார்.

“காலையிலேருந்து இங்கிட்டேதான் கெடக்கான். அவனுக்குத் தெரியும், கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“ஒம்பது” என்றேன்.

“பாத்தீங்களா?” என்றார் அப்பா.

மறுநாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. அம்மா ஒரு கை அள்ளி வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், “நல்லாருக்குங்க” என்றாள்.

ஆனாலும் சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குக் கிளம்பினாள். “நம்ம வீட்லயே தண்ணி இருக்கே, ஏம்மா போற?” என்று பின்னாலேயே ஓடினேன்.

“இதுல பருப்பு வேகாதுடா” என்றாள்.

அன்றிலிருந்து வெகுநாள் எனக்குப் பருப்பின் மேல்தான் கோபம்.