மூடி மூடாமல் மெஷின் ஓடாது

மூன்று வருடத்துக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. உத்திரமேரூருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஓர் அரிசி ஆலைக்கு அன்று திறப்பு விழா. வாசலில் வாழை மரம், உள்ளே மாலை போட்ட மெஷின்கள், மடிப்புக் கலையாத வேட்டியில் முதலாளியும் அவர் சொந்தக்காரர்களும். மெஷினை முதன்முதலில் ஓடவிட வேண்டிய ஆள் நான்.

நான் கன்ட்ரோல்ஸ் இன்ஜினியர். எங்கள் ஊரான காவாந்தண்டலத்தில் கேட்டால் "கரண்டு வேலை" என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எது நின்றால் எது நிற்க வேண்டும் என்று புரோகிராம் எழுதி பேனலில் ஏற்றுவது என் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர்கள். எங்கள் தெருவில் லேப்டாப் பையோடு பஸ் ஏறிய முதல் பெண் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் பட்டனை அழுத்திவிட வேண்டும். எங்கள் ஆபீசில் பிளானிங் பார்க்கிறவர் போட்ட அட்டவணையிலும் அன்றுதான் ஒப்படைப்பு. ஜோசியரும் பிளானிங் இன்ஜினியரும் ஒரே நாளைக் குறித்துவிட்டால் அப்புறம் யார் பேச முடியும்?

கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். நெல்லைத் தள்ளிக்கொண்டு போக நீளமான இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. அதற்குள் பெரிய திருகு மாதிரி ஒரு தண்டு சுழலும். கை சிக்கினால் கை போய்விடும். அதனால் மூடியில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தோம். மூடியைத் திறந்ததும் தண்டு நின்றுவிடும். அந்தச் சுவிட்சை யாரோ சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இனி மூடி திறந்திருந்தாலும், மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொள்ளும்.

மெஷின்களை மாட்டிய மேஸ்திரியைக் கேட்டேன். "மூடி கோணிக்கினு கீதும்மா. சுவிட்சு மேல சரியா உக்கார மாட்டேங்குது. சும்மா சும்மா நிக்குதுன்னு கட்டி வுட்டேன். எல்லா மில்லுலயும் இப்படித்தான்" என்றார், சர்வ சாதாரணமாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டரை எடுத்து டியூப்பை வெட்டிப் போட்டேன். மூடியை நிமிர்த்தி, சுவிட்ச் வேலை செய்தால்தான் ஓட்டுவேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இன்னாம்மா வெளாடுறியா? நல்ல நேரம் போய்க்கினு கீது. இப்ப கட்டி ஓட்டு, திங்கக்கெழம சரி பண்ணிக்கலாம்."

திங்கட்கிழமையாம்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

முடியாது என்றேன். அவர் சென்னையில் இருந்த எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கமும் அதே பாட்டுதான். "நீங்களே வந்து ஓட்டிக்குங்க சார்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். மெஷினை ஓடவிடும் பேனல் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பேனல் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியில்தான் வீறாப்பு. உள்ளே, வேலை போனால் என்ன செய்வது என்ற கணக்கு ஓடியது. என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதலாளியின் சித்தப்பா ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "கூலிக்கார வூட்டுப் பொண்ண இட்டாந்து மெஷின்ல கை வைக்க வுட்டா இப்படித்தான்" என்றார்.

எழுந்து நின்றேன். "ஆமாங்க, கூலிக்கார வூடுதான். அதனாலதான் அந்தத் தொட்டிக்குள்ள யாரு கை போவும்னு எனக்குத் தெரியுது."

அந்தப் பேச்சுகூடப் பரவாயில்லை. ஆனால் எனக்கு நிஜமாகவே வலித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். தொட்டியில் நெல் கொட்டுவதற்கு வேலைக்கு எடுத்திருந்த பெண்களில் ஒருவர் எங்கள் ஊர் அக்கா. பழைய மில்லில் பல வருடம் இருந்தவர். அவர் கிட்டே வந்து, "ஏன் பாப்பா பேஜார் பண்றே? ஓட்டி வுட்டுட்டுப் போயேன். மொத நாளே மில்லு நின்னுச்சுன்னா எங்களத்தான் வூட்டுக்குப் போன்னுவாங்க" என்றார். யாருக்காக அங்கே உட்கார்ந்திருந்தேனோ, அவரே அப்படிச் சொல்லிவிட்டார். ஆனாலும் சாவியை எடுக்கவில்லை.

ராகு காலம் பிறந்தது. இனி முதலாளியே ஓட்டச் சொல்ல மாட்டார். பந்தியில் பொங்கலும் கேசரியும் பரிமாறினார்கள். என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும் மேஸ்திரியும் வெல்டரும் மூடியைக் கழற்றி, தட்டி நிமிர்த்தி, திரும்ப மாட்டினோம். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார், ஆனால் கச்சிதமாகச் செய்தார்.

உச்சி வேளைக்குப் பிறகு எலுமிச்சம்பழம் நசுக்கி, பட்டனை அழுத்தினேன். எல்லாம் வரிசையாக ஓடியது. கைதட்டினார்கள். முதலாளிகூடக் கொஞ்சம் சிரித்தார்.

சிறிது நேரத்தில் தொட்டி மட்டும் பட்டென்று நின்றது. "பாத்தியா, மறுபடியும் நின்னுபூட்ச்சு!" என்று முதலாளி கத்திக்கொண்டே ஓடினார். நானும் ஓடினேன்.

மூடி திறந்திருந்தது. எங்கள் ஊர் அக்காவின் வலது கை முழங்கை வரைக்கும் உள்ளே இருந்தது. தண்டில் சுற்றிக்கொண்ட சாக்கு நூலை எடுக்க, பழைய மில் பழக்கத்தில் திறந்து கையை விட்டிருக்கிறார். எங்களைப் பார்த்ததும் நூலோடு கையை உருவிக்கொண்டு, பயந்துபோய்ச் சொன்னார்: "நான் ஒண்ணும் பண்ணல பாப்பா. அது தானா நின்னுடுச்சு."

மெஷின் நின்றதற்குத் தன்னைத் திட்டுவார்களோ என்றுதான் அவருக்குப் பயம்! "நீ ஒண்ணும் பண்ணலக்கா. நிக்கத்தான் வெச்சிருக்கு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனமே வரவில்லை. முதலாளி அந்தக் கையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூடியைத் தானே மூடிவிட்டுப் போனார்.

மன்னிப்பு, நன்றி எதுவும் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காதவள் என்று எங்கள் கம்பெனி அதற்குப் பிறகு எனக்கு ஆலை வேலையே தரவில்லை. நானே விலகி வேறு இடத்தில் சேர்ந்தேன். அங்கேயும் எனக்குத் திமிர் பிடித்தவள் என்றுதான் பெயர். அந்த அக்காவை இப்போதும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவ்வப்போது பார்ப்பேன். கூட்டமென்றும் பார்க்காமல் இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பார். பத்து விரலும் சடசடவென்று முறியும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், கடைசி வரைக்கும் திமிர் பிடித்தவளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும்.