ஆல்பிக்கு ஒரு பூசை

தென் லண்டனின் பழைய உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே ஏதோ ஒரு குளிர்காலத்தில் வந்த உதைபந்தாட்டச் செய்தியின் நகல் என் முன்னால் கிடக்கிறது. நூலகத்தில் படி எடுத்தபோது மேல் ஓரம் வெட்டுப்பட்டுத் தேதி போய்விட்டது. மளிகைக் கடைச் சீட்டிலும் தேதி குறித்துவைக்கிற எனக்கு அது பல்லில் சிக்கிய நார் மாதிரி. செய்தி இவ்வளவுதான்: இடது ஓரத்திலிருந்து ஜோர்ஜ் உயர்த்திக் கொடுத்த பந்தை அண்ணன் ஆல்பி தலையால் முட்டிக் கோலாக்கினார். இருவருக்கும் ஒரே முகம், நிற்கிற இடத்தை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடிந்தது என்று நிருபர் அலுத்துக்கொள்கிறார்.

ஆல்பியை எனக்குத் தெரியும். லண்டனுக்கு வந்த புதிதில் நோர்பரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே சனிக்கிழமை மத்தியானம் என்றால் தைல வாசம். சாப்பாடு முடிந்ததும் கிழவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூன்று மணிக்கு ஆட்டமாம். கெண்டைக்காலை நான் தேய்க்கத் தேய்க்கக் கதை வரும். தகப்பன் கொத்தனார். பையன்கள் இருவரும் செங்கல் சுமந்துவிட்டு, சுண்ணாம்புக் கையோடு மைதானத்துக்கு ஓடினார்கள். பிறகு ஒரு சிறிய கழகம் அவர்களைச் சம்பளத்துக்கு எடுத்தது. கோடையில் அதுவும் குறையும், மறுபடி செங்கல். மழையில் ஊறிய தோல்பந்து கல்லாய்க் கனக்கும், அதன் நாடா நெற்றியைக் கிழிக்கும். கால்கள் தளர்ந்ததும் ஆல்பி டிராம் ஓட்டப் போனார். போர் வந்தபோது டிராம்காரரைப் படைக்கு எடுக்காமல் விட்டுவைத்தார்கள். படை அழைப்பு ஜோர்ஜுக்கு வந்தது. ஜோர்ஜ் திரும்பவில்லை.

கதை எப்போதும் அங்கேதான் நிற்கும். பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் யாரையும் உட்கார விடமாட்டார்.

என்னோடு வேலை செய்த றீற்றா அக்கா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இறந்தவர்களின் பெயரை நவம்பர் மாதத்தில் கோயிலில் கொடுத்துப் பூசையில் வாசிக்கச் செய்வது அவர்கள் வழக்கம். கேட்பாரில்லாத ஆத்துமாக்களையெல்லாம் அக்கா தேடிப் பிடித்துக் கொடுப்பார். அந்த வருடம் ஜோர்ஜின் முறை. முழுப் பெயரைக் கேட்கக் கிழவரிடம் போனவர், திரும்பி வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, செத்தது ஆல்பியாம்."

"ஆல்பி அவர்தானே, அக்கா?"

"நானும் அதைத்தான் கேட்டனான். இல்லை, ஆல்பியின்ர பேரைக் குடு எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு அழுறார்."

"பிறகு?"

"குடுத்திட்டன். செத்தது ஆரெண்டு சொந்தக்காரரை விட வேற ஆருக்குத் தெரியும்?"

சைவக்காரனான நானும் வேடிக்கை பார்க்கப் பூசைக்குப் போனேன். அந்தோனிப்பிள்ளைகளுக்கும் மரியநாயகங்களுக்கும் நடுவில் சுவாமியார் ஆல்பியின் பெயரையும் வாசித்தார். மறுநாள் காலை அதே ஆல்பி, தேநீருக்குச் சீனி போதாது என்று என்னைத் திட்டினார்.

அடுத்த கிழமை கழகத்தின் பழைய அபிமானிகள் சிலர் அந்தப் பத்திரிகைச் செய்தியின் கோலுக்காக அவரைக் கௌரவிக்க, ஆல்பியின் பழைய படமொன்றைச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். கிழவர் அதை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் நிமிர்த்தி வைத்தார்.

"கோல் ஆல்பி அடித்தது. நான் பந்தைத் தூக்கிக் கொடுத்தவன்" என்றார்.

வந்தவர்கள் சிரித்தார்கள். "நீங்கள்தானே ஆல்பி, ஐயா" என்று ஒருவர் தோளைத் தட்டினார். இல்லத்து மேலாளர் கண்ணைச் சிமிட்டித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். கிழவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தக் கோலைப் பற்றி அவர் பேசவே இல்லை. பனி விழுவதற்குள் போய்விட்டார். கல்லறையில் ஆல்பி என்றுதான் வெட்டியிருக்கிறது.

ஞாபகம் குழம்பிய கிழவரின் பேச்சு என்று விட்டுவிடலாம். பல நாள் அப்படித்தான் விட்டிருந்தேன். ஆனால் ஒரே முகம் கொண்ட அண்ணன் தம்பி. தம்பிக்கு வந்த அழைப்பு, அண்ணனுக்கு விலக்கு. ஒரு காலைப்பொழுது சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டது என்னவென்று யாருக்குத் தெரியும்?

மைதானம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். இல்லத்தையும் இடித்துவிட்டார்கள். றீற்றா அக்காவும் இல்லை. இரண்டு இறப்புப் பதிவுகளையும் தேடிப் பார்த்துவிட்டேன். போரில் இறந்தவர் ஜோர்ஜ், நோர்பரியில் இறந்தவர் ஆல்பி என்கின்றன, தேதிகளில் பிசகில்லை. அந்தப் பெயர்களுக்குள் இருந்தவர்கள் யார் என்பதை மட்டும் என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.