ஒப்பந்தத்தின் தலையில் ஒரு சுழி

நிலாணி வென்றவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பதினாறு வயதுவரை பேச்சைக் கட்டிப்போட்டிருந்த திக்குவாயை வென்றாள். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில், ஒரே அறையில் ஆறு பேர் படுத்தெழும்பிய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போனாள். பாடசாலைச் சபைத் தேர்தலில் இரண்டு முறை தோற்றாள். "உவள் எங்கை வெல்லப்போறாள்" என்று கோயில் வாசலில் நின்று சொன்னவர்களின் தொகுதியிலேயே மூன்றாம் முறை நின்று வென்றாள். பிறகு அந்தப் பதவியையும் விட்டுவிட்டு வெளிநாட்டு அமைச்சின் அடிப்படியில் சேர்ந்தாள். மற்றவர்களெல்லாம் போக மறுத்த கசகஸ்தானுக்குப் போய், மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில் அந்த நாட்டு மொழியையும் படித்தாள்.

இத்தனை இருந்தும் எந்த ஒப்பந்தத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. எழுதுவது அவள்; கையெழுத்து வைப்பது மேலே இருப்பவர்கள்.

ஆகவே, இரு நாட்டு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கனடாவின் சார்பில் நீயே கையெழுத்து வை என்று உத்தரவு வந்தபோது, அக்கா யோகராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தாய் வேலைக்குப் போன நேரமெல்லாம் தங்கச்சியைப் பார்த்தவள் அவள். பச்சைப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு பிக்கரிங்கிலிருக்கும் தன் வீட்டிலிருந்து விடியற்காலை றெயினிலேயே வந்து, மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

கசகஸ்தான் தூதர் தௌரென் முதலில் கையெழுத்து வைத்தார். எழுபதை நெருங்கிய மனிதர், சிரிப்பறியாத முகம். அன்று மாலையே அவருக்கு விமானம். அடுத்து நிலாணி பேனையை எடுத்தாள்.

கை கீழே, பெயர் இருந்த இடத்துக்குப் போகவில்லை. தாளின் தலைக்குப் போயிற்று. நட்டநடுவில், சின்னதாக, ஒரு பிள்ளையார் சுழி.

யோகராணி முன்வரிசையிலிருந்தே அதைக் கண்டுவிட்டாள். பரீட்சைத் தாளோ வாடகை விண்ணப்பமோ, சுழி போடாமல் அந்த வீட்டில் ஒருவரும் பேனையை நகர்த்தியதில்லை. கைப்பழக்கம்தான். ஆனால் இரண்டு நாடுகளின் முத்திரை குத்திய தாளிலா?

கோப்புகளுக்குப் பொறுப்பான அன்ட்ரூ பாய்ந்து வந்து குனிந்தான். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெடியன். மற்றவர்களுக்கு விளங்காமலிருக்கத் தமிழில் பேசினான்.

"அக்கா, என்ன செய்திட்டியள்?"

"கை தன்ரபாட்டிலை போட்டிட்டுது."

"போட்டிட்டுதோ? நான் என்ன சிலுவை கீறிப்போட்டே சைன் வைக்கிறனான்? அச்சடிச்சதுக்கு மேலாலை ஒரு கோடு விழுந்தாலும் உது செல்லாது. வேறை பேப்பர் கிடக்கு. ஆனா அவரும் திரும்பச் சைன் வைக்க வேணும்."

"வைப்பாரோ?"

"போன வருசம் ஒரு சொல்லு மாறினதுக்கு எழும்பிப் போன மனுசன்!"

அவர் எழும்பினால் ஒப்பந்தம் போய்விடும். அமைச்சு இன்னொன்றை நிலாணியை நம்பிக் கொடுக்கப் போவதுமில்லை.

"பேனை வழுக்கினது எண்டு சொல்லுவம்," என்றான் அன்ட்ரூ.

அது முன்வரிசைக்கும் கேட்டிருந்தது. நிலாணி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். ஓம், அப்படியே சொல்லு என்று யோகராணி அவசரமாகத் தலையாட்டினாள்.

நிலாணி தூதரிடம் அவருடைய மொழியில் பேசத் தொடங்கினாள். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள். பதினாறு வயதோடு போன திக்கு அந்த இடத்தில் வந்து நின்றது. உதட்டை இறுக்கி, மூச்சை இழுத்து, மறுபடி தொடங்கினாள். பேசிக்கொண்டே விரலால் காற்றில் சுழியைப் போட்டுக் காட்டினாள்.

விசரி, உண்மையைச் சொல்லுறாளே! யோகராணி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டாள்.

தூதர் அந்தச் சுழியை நெடுநேரம் பார்த்தார். ஏதோ கேட்டார். நிலாணி கையை நீட்டி அக்காவைக் காட்டினாள். மண்டபம் முழுவதும் திரும்பியது. தூதர் எழுந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று யோகராணி கண்ணை மூடினாள். திறந்தபோது அவர் அவள் முன்னால் நின்றார். தங்கச்சிக்கு இதைப் பழக்கியது நீங்கள்தானாமே என்று, விளங்க வேண்டுமென்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். ரொட்டியில் ஒரு கடி கடிக்காமல் அவருடைய தாய் அவரை எந்தப் பயணமும் போகவிட்டதில்லையாம். தாய் இறந்து எத்தனையோ வருடமாம். இந்த முறை வெளிக்கிடும்போதும் கடித்துவிட்டுத்தான் வந்தாராம்.

சொல்லும்போதும் சிரிக்கவில்லை. போய் உட்கார்ந்து, புதுத் தாளுக்குக் கை நீட்டினார்.

அவர் வைத்து முடிந்ததும் நிலாணியின் முறை. பேனை தாளின் தலைக்கு மேலே ஒரு கணம் நின்றது. பிறகு நேரே கீழே இறங்கிவிட்டது.

சுழி இல்லாமலா! யோகராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிறுத்தவும் முடியாது, கத்தவும் முடியாது. தன் முழங்காலில், பச்சைப் பட்டின் மேல், ஆட்காட்டி விரலால் அவசர அவசரமாக அவளே ஒரு சுழியைப் போட்டுவிட்டாள். நிமிர்ந்தபோது தங்கச்சி எழுதிக்கொண்டிருந்தாள்.

நிலாணி சண்முகலிங்கம் என்று, ஒரு நாட்டுக்காக, அவள் முதன்முதலாகக் கையெழுத்து வைத்தது 2024 ஒக்ரோபர் 17, வியாழக்கிழமை.